முதலிற் செவி, பின்னரே தீர்ப்பு
(சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

இசையைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் எம்மைப் பணித்தபொழுது யாம் சற்றே திகைத்தோம். யாம் இசைப் புலவர் அல்லேம். பள்ளி இறுதித் தேர்வோடு படிப்பை முடித்துக்கொண்டு, இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் புக்கிங் ஆபீசில் அமர்ந்து, டிக்கட்டையும் சில்லறையையும் எண்ணிக்கொண்டிருக்கும் எழுத்தரே யாம். ஆயினும் இப்பொருள் குறித்துப் பேச எமக்கு ஒரு தகுதி உண்டு. இசையின் பொருட்டுச் சென்ற ஆண்டு யாம் ஒரு தவறு செய்தோம். பின்னர் அதனை உணர்ந்தோம். அத்தகுதியைக் கொண்டே இன்று உங்கள் முன் நிற்கின்றோம்.

நிகழ்ந்ததை முதலிற் சொல்லிவிடுகின்றோம். சென்ற ஆண்டு விழாவிற்கு இரண்டு திங்கள் முன்னதாக, நம் காலனி இளைஞர் ஐவர் செயற்குழுவிடம் ஒரு விண்ணப்பம் அளித்தனர். கிட்டார், கீபோர்டு, டிரம்ஸ் ஆகியவற்றோடு மிருதங்கத்தையும் சேர்த்து, இருபது நிமிட அளவில் ஒரு நிகழ்ச்சி நடத்த அவர்கள் இசைவு வேண்டினர். செயற்குழுவில் இருந்தோர் ஒன்பதின்மர். "தமிழ்ச் சங்க மேடையில் ராக் இசையா?" என்று ஒருவர் வினவினார். ஏனையோர் தலையசைத்தனர். ஐந்து நிமிடத்தில் விண்ணப்பம் தள்ளுபடியாயிற்று. அப்பிள்ளைகள் வாசிப்பதை எம்மில் ஒருவரேனும் கேட்டோமா என்றால், இல்லை. மறுத்துக் கையுயர்த்தினோருள் யாமும் ஒருவர். அவ்வைவருள் மிருதங்கம் வாசிக்க இருந்தவன் எம் மகன்.

விளைவு என்ன? நம் சனிக்கிழமை இசை வகுப்பிற்கு அதுவரை பதினான்கு பிள்ளைகள் வந்துகொண்டிருந்தனர். மூன்று திங்களில் அவர்கள் ஐவராகச் சுருங்கினர். ஆறு ஆண்டுகள் முறையாகப் பயின்ற எம் மகன், மிருதங்கத்தை உறையிலிட்டுப் பரண்மேல் ஏற்றிவிட்டான். கோபித்துக் கொண்டானா என்றால் அதுவும் இல்லை. "படிப்பு அதிகமாக இருக்கிறது, அப்பா" என்று மட்டும் சொன்னான். கோபித்திருந்தால் எமக்கு எளிதாயிருந்திருக்கும்.

அன்பர்களே! தமிழகத்தில் வாழ்வோர்க்கு இது சிறு செய்தியாகத் தோன்றலாம். நமக்கு அவ்வாறன்று. நம் பிள்ளைகள் பள்ளியில் தமிழ் கற்க வழியில்லை. வெளியில் வங்காளமும் இந்தியும் பேசுகின்றனர். ஒரு தமிழ்ப் பாட்டை முழுமையாக, சொற்பிழையின்றி, பொருளறிந்து அவர்கள் பாடக் கற்குமிடம் அந்தச் சனிக்கிழமை வகுப்பு ஒன்றே. அங்கிருந்து ஒன்பது பிள்ளைகள் விலகினர் என்றால், ஒன்பது வீடுகளில் தமிழுக்கு ஒரு வாயில் அடைபட்டது என்றே பொருள். அதை அடைத்தது அயலார் அல்லர், நாமே.

இனி, நாம் கேளாமலே மறுத்த அவ்விசை யாது என்று காண்போம்.

அதனை ஆங்கில நாட்டில் புரோகிரசிவ் ராக் என்பர். முற்போக்கு ராக் என்று நாம் மொழிபெயர்த்துக் கொள்ளலாம். ராக் இசைப் பாட்டென்றால் மூன்று நிமிடத்தில் முடிவது, நான்கு நான்காக எண்ணுவது, ஆடுவதற்கு ஏற்றது என்பதே முன்னைய வழக்கம். 1960-களின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் இளைஞர் சிலர் அவ்வரம்பை மீறினர். ஓர் இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் இருபது நிமிடங்களுக்கு மேல் இசை பதியலாமே, அதை ஏன் ஒரே படைப்பிற்கு அளிக்கலாகாது என்று எண்ணினர். கிங் கிரிம்சன் என்னும் குழுவினரின் முதல் இசைத்தட்டு 1969-இல் வெளிவந்தது. எமர்சன், லேக், பாமர் ஆகிய மூவர் குழு, 'டார்க்கஸ்' என்னும் ஏறத்தாழ இருபது நிமிடப் படைப்பை 1971-இல் அளித்தது. யெஸ், ஜெனசிஸ் ஆகிய குழுவினரும் 1972-இல் அத்தகைய நெடும்படைப்புகளை வெளியிட்டனர். ஒரு கருப்பொருளை எடுத்து, பல பகுதிகளாக விரித்து, தாளக்கட்டை மாற்றி, இறுதியில் தொடங்கிய இடத்திற்கே மீண்டுவரும் அமைப்பை அவற்றுட் பலவற்றில் காணலாம். இராகம் தானம் பல்லவிக்குப் பொறுமையோடு அமர்ந்த செவிகளுக்கு நெடும்படைப்பு என்பது புதிய செய்தி அன்று.

இவர்களுள் பலர் இசையை முறையாகப் பயின்றோர். யெஸ் குழுவின் ரிக் வேக்மன், இலண்டன் இராயல் இசைக் கல்லூரியில் சேர்ந்து, படிப்பை முடிக்காமல் வெளியேறியவர். ஜென்டில் ஜயன்ட் குழுவின் கெரி மின்னியர், இராயல் இசைக் கழகத்தில் இசையமைப்புப் பயின்று பட்டம் பெற்றவர். ஆகவே, கல்லாதார் எழுப்பும் கூச்சல் என்று இதனை ஒரு சொல்லில் ஒதுக்குதல் பொருந்தாது.

இவற்றையெல்லாம் அன்று யாம் அறியோம். அறியச் செய்தது ஒரு மாலைப் பொழுது. மகன் மேசைமேல் விரலால் தட்டிக்கொண்டிருந்தான். காதிற் கருவி, யாம் வந்ததை அவன் அறியவில்லை. அந்தத் தட்டலில் ஏதோ ஒழுங்கு இருப்பது எமக்குப் புலப்பட்டது. எண்ணிப் பார்த்தோம். ஏழு. மீண்டும் எண்ணினோம். ஏழே. காசை எண்ணிப் பழகிய கை தவறு செய்யாது. "என்னப்பா இது?" என்று கேட்டோம். அவன் காதுக் கருவியைக் கழற்றி, "உங்களுக்குப் பிடிக்காது, அப்பா" என்றான். அச்சொல் எம்மைச் சுட்டது. யாம் ஐந்து நிமிடத்தில் அவனுக்கு வழங்கிய தீர்ப்பை, அவன் ஒரே நொடியில் எமக்குத் திருப்பித் தந்தான்.

அடுத்த ஞாயிறன்று அவனை அழைத்துக்கொண்டு நம் இசை ஆசிரியை அம்மையாரின் இல்லம் சென்றோம். அவரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கும்பகோணத்தில் குருவின் இல்லத்தில் இருந்து வயலின் பயின்றவர். கணவரின் இரயில்வேப் பணியின் பொருட்டு இங்கு வந்து, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நம் பிள்ளைகளுக்குப் பொருள் கருதாது கற்பித்து வருபவர். சுருதி சிறிது விலகினும் முகம் சுளிப்பவர். அவர் ராக் இசையை அதுவரை அமர்ந்து கேட்டதே இல்லை. "அம்மா, நீங்கள் கேட்டுவிட்டு என்ன சொல்கிறீர்களோ அதுவே எனக்கு முடிவு" என்றோம். அவர் சிரித்துக்கொண்டே, "தம்பி, நீயே ஒன்று தேர்ந்தெடுத்துப் போடு" என்று மகனிடம் கூறினார்.

அவன் தேர்ந்தது, பிங்க் பிளாயிட் என்னும் குழுவினர் 1973-இல் வெளியிட்ட இசைத்தட்டில் உள்ள 'மணி' என்னும் பாட்டு; பணம் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் அது. தொடக்கத்தில் பாட்டும் இல்லை, கருவியும் இல்லை. கல்லாப்பெட்டி திறக்கும் ஓசை, நாணயம் கொட்டும் ஓசை, தாள் கிழிபடும் ஓசை! யாம் வியந்தோம். எம் கவுண்டரை யாரோ இங்கே கொண்டுவந்து வைத்ததுபோல் இருந்தது. அம்மையாரோ ஓசையைக் கேட்கவில்லை. ஓசைகளுக்கு இடையே உள்ள அளவைக் கேட்டார். அவர் கை தானாகத் தொடையில் இறங்கியது. "மிஸ்ர சாபு" என்றார்.

ஆம், அந்த ஓசைகள் ஏழும் ஏழு எண்ணிக்கையில் கோக்கப்பட்டவை. ஒலிநாடாவை அளந்து வெட்டி, வளையமாக ஒட்டி, மீண்டும் மீண்டும் சுழலவிட்டு அதனை ஆக்கியிருக்கின்றனர் என்று மகன் விளக்கினான். அதன்பின் தாழ்ந்த குரலுடைய கிட்டார் அதே ஏழில் நடந்தது. பாட்டு வந்தது, சாக்சபோன் வந்தது, அம்மையாரின் கை தவறாது நடந்தது. பின்னர்க் கிட்டார் தனியாக முழங்கத் தொடங்கியதும் கை தடுமாறிற்று. அவர் கண்ணைத் திறந்து, "நாலுக்கு மாறிவிட்டான்! சொல்லாமல் மாறிவிட்டான்!" என்றார். மகன் துள்ளி எழுந்தான். "ஆமாம் மாமி! அந்த இடந்தான்! மறுபடி ஏழுக்கு வருவான் பாருங்கள்" என்றான். வந்தது. இருவர் கையும் ஒரே கணத்தில் விழுந்தன. ஆறு திங்களாக யாம் எம் மகனின் முகத்தில் காணாத ஒளியை அன்று கண்டோம்.

அதன்பின் டார்க்கசின் தொடக்கத்தைக் கேட்டார்; ஐந்து என்று உடனே சொன்னார். வேறு சிலவும் கேட்டார். ஒரு மணி நேரம் கழிந்தது. "எப்படி அம்மா?" என்று வினவினோம். அவர் சிறிது நேரம் எண்ணிப் பின் கூறினார்: "கமகம் இல்லை. ஒரு சுரத்தின்மேல் நின்று அதன் ஆழத்தைப் பார்க்கும் பொறுமை இல்லை. சத்தம் எனக்குத் தலைவலி தருகிறது. ஆனால் தாளத்தில் நேர்மை இருக்கிறது. பல சுரங்களை ஒரே நேரத்தில் அடுக்கி ஒரு மண்டபம் கட்டுகிறார்கள். அது நமக்குத் தெரியாத வித்தை. இதை நான் வாசிக்கமாட்டேன். ஆனால் இதை இசையன்று என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை."

அன்பர்களே! அவ்வம்மையார் தம் இசையில் ஓர் அணுவும் விட்டுக்கொடுத்தாரில்லை. பிடிக்காததைப் பிடித்ததாகச் சொன்னாரில்லை. தாம் கற்ற இலக்கணத்தையே அளவுகோலாகக் கொண்டு அளந்தார். அளவுகோல் கையில் இருந்தமையால்தான் ஏழையும் ஐந்தையும் அவரால் காண முடிந்தது. முறையாகக் கற்றவர் புதியதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை என்பதை யாம் அன்று உணர்ந்தோம்.

இதனினும் பெரிய எடுத்துக்காட்டு ஒன்று உலக இசை வரலாற்றில் உண்டு. அதனை மகன் வாயிலாக அறிந்து, பின்னர் யாமும் தேடிப் படித்தோம். அதனைச் சொல்லவே இம்மேடைக்கு வந்தோம் எனினும் பிழையாகாது.

தென்னமெரிக்காவில் அர்ச்சென்டினா நாட்டின் தலைநகரான பியூனஸ் அயர்சில், 1916-இல் பிறந்தவர் ஆல்பர்ட்டோ ஜினஸ்டேரா. அந்நாட்டின் இசைக் கல்லூரியில் பயின்று, ஆசிரியராகவும் விளங்கி, அக்கண்டத்தின் மிகச் சிறந்த இசையமைப்பாளருள் ஒருவராக மதிக்கப்பட்டவர். அவர் இயற்றிய முதலாவது பியானோக் கச்சேரிப் படைப்பு, 1961-இல் வாசிங்டன் நகரில் அரங்கேறிற்று. நான்கு பகுதிகள் கொண்ட அதன் இறுதிப் பகுதி, புயல்போல் விரையும் தன்மையது. தனிப் பியானோவும் பெரிய வாத்தியக் குழுவும் ஒன்றையொன்று துரத்தும்.

பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன. யாம் முன்னே சொன்ன மூவர் குழுவின் கீத் எமர்சன் என்னும் ஆங்கில இளைஞர், அந்த இறுதிப் பகுதியின்மேல் காதல் கொண்டார். மூவரே ஆகிய தம் குழுவிற்கு அதனை மாற்றியமைத்தார். ஒரு முழு வாத்தியக் குழு செய்யும் பணியை ஆர்கன், மூக் என்னும் மின்னணு இசைக்கருவி, கிட்டார், டிரம்ஸ் ஆகியவற்றிற்குப் பங்கிட்டார். ஆனால் ஆசிரியர் உயிரோடு இருக்கிறார். அவர் இசைவின்றி வெளியிடல் ஆகாது. பதிப்பாளர் தரப்பில் முதலில் நம்பிக்கையான விடை கிடைக்கவில்லை. எமர்சன் மனந்தளரவில்லை. ஜினஸ்டேரா அப்பொழுது சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவில் வாழ்ந்துவந்தார். ஒலிநாடாவைக் கையில் எடுத்துக்கொண்டு இளைஞர் ஜெனீவாவிற்கே சென்றார்.

இக்காட்சியைச் சிறிது எண்ணிப் பாருங்கள். ஒருபுறம் ஐம்பத்தேழு வயதுடைய பேராசிரியர். மேலைச் செவ்வியல் இசையில் ஊறியவர். மறுபுறம் இருபத்தெட்டு வயதுடைய ராக் கலைஞர். மேடையில் ஆர்கனைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்றவர் என்று பெயர் பெற்றவர். "என் படைப்பை இக்கூட்டத்தாரா தொடுவது?" என்று ஐந்து நிமிடத்தில் அவர் மறுத்திருக்கலாம். உலகம் அவரைக் குறை கூறியிராது. அவரோ ஒலிநாடாவைப் போடச் சொன்னார். அமர்ந்து கேட்டார்.

கேட்டு முடித்ததும் அவர் வாயிலிருந்து வந்த முதற்சொல், பேய்த்தனமானது என்று பொருள்படுவதாம். எமர்சன் கலங்கிப்போனார். ஆனால் அது வசையன்று, வியப்பு. தம் இசையின் உள்ளுயிரைத் தாம் கருதியவாறே அவ்விளைஞர் பிடித்துவிட்டார் என்று ஜினஸ்டேரா மகிழ்ந்தார் என்பதை எமர்சன் பிற்காலத்தில் பலமுறை எடுத்துரைத்திருக்கிறார். இசைவு கிடைத்தது. 1973-இல் வெளிவந்த இசைத்தட்டில் 'டொக்காட்டா' என்னும் பெயரால் அது இடம்பெற்றது.

அவர் ஏன் மறுக்கவில்லை? யாம் எண்ணிப் பார்த்ததில் இரு காரணங்கள் தோன்றுகின்றன. முதலாவது, அவரும் இளமையில் வேலி தாண்டியவரே. அர்ச்சென்டினாப் புல்வெளிகளில் மாடு மேய்க்கும் கௌச்சோ மக்களின் ஆட்டத் தாளத்தை, 1941-இல் இயற்றிய 'எஸ்டான்சியா' என்னும் படைப்பின் வழியே உயர்ந்தோர் அரங்கிற்கு ஏற்றியவர் அவர். இரண்டாவது, தடையின் சுவையை அவர் அறிந்தவர். அவர் இயற்றிய 'பொமார்சோ' என்னும் இசைநாடகம் 1967-இல் வாசிங்டனில் அரங்கேறிப் புகழ் பெற்றது. ஆனால் அதே ஆண்டில், அவர் பிறந்த பியூனஸ் அயர்சில், அதனை நடத்தலாகாது என்று அந்நாட்டு ஆட்சியினர் தடுத்துவிட்டனர். 1972-இல்தான் அங்கு அது மேடை கண்டது. தம் சொந்த ஊரின் மேடை மறுக்கப்படுவதன் துன்பத்தை அறிந்தவர், ஜெனீவாவிற்குத் தம்மைத் தேடி வந்தவனுக்குக் கதவைச் சாத்தவில்லை.

இதனைப் படித்தபொழுது எமக்கு நாணம் உண்டாயிற்று. உலகம் போற்றும் இசைப் பேரறிஞர் தம் சொந்தப் படைப்பை மாற்றியமைத்தவனுக்கு அளித்த பொறுமையை, ஓர் இசைநூலும் கல்லாத யாம் எம் சொந்தப் பிள்ளைகளுக்கு அளிக்கவில்லையே!

கேட்டவர் எல்லாரும் முழுமனத்தோடு ஏற்க வேண்டும் என்பதும் இல்லை. அமெரிக்க இசையமைப்பாளர் ஏரன் கோப்லண்டு, 1942-இல் எளிய மக்களுக்கு மரியாதை செலுத்தும் முழக்கமாக ஒரு சிறு படைப்பை இயற்றினார். பித்தளைக் குழல்களுக்கும் முரசுகளுக்கும் உரியது அது. அதே மூவர் குழு 1977-இல் அதனை நீட்டித் தம் வழியில் வாசித்தது. முதுமையெய்தியிருந்த கோப்லண்டு அதனைக் கேட்டு இசைவளித்தார். ஆயினும், தொடக்கமும் முடிவும் தம் படைப்பாகவே இருக்கின்றன, நடுவில் இவர்கள் செய்வதற்கும் தம் இசைக்கும் உள்ள தொடர்புதான் தமக்கு விளங்கவில்லை என்னும் கருத்துப்பட அவர் பேசினார். என்ன இனிய நேர்மை! விளங்காததை விளங்கவில்லை என்றார். விளங்காத காரணத்தால் தடுத்தாரில்லை. ஜினஸ்டேரா இளமையில் அமெரிக்கா சென்றபொழுது இந்தக் கோப்லண்டிடமே பாடம் கேட்டவர் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

ஒரு பக்கத்தை மட்டும் புகழ்ந்து அமர்தல் முறையன்று. இவ்விசையாரிடம் குறைகளும் இருந்தன. அம்மூவர் குழுவின் முதல் இசைத்தட்டில், அங்கேரிய நாட்டுப் பார்த்தோக், செக் நாட்டு யானாச்செக் ஆகிய பேரறிஞரின் படைப்புகளைத் தழுவி இசைத்தபொழுது, அவர்கள் பெயரை முதலில் உரியவாறு குறிக்கவில்லை, பின்னரே குறித்தனர். எடுத்தாள்வது குற்றமன்று, எடுத்த இடத்தைச் சொல்லாமல் விடுவது குற்றம். ஜெனீவாப் பயணம் அப்பிழையைத் திருத்திக்கொண்டவர் செய்த செயல் என்றே யாம் கருதுகின்றோம். ஆரவாரமும் இவர்களிடம் மிகுந்தது. வேக்மன் 1975-இல் ஆர்தர் மன்னன் கதையை இலண்டனில் பனிச்சறுக்குத் தளத்தின்மேல் நடத்தினார். சறுக்குவோர் வீரர் வேடமிட்டுச் சுற்றி வந்தனர். பெரும்பொருள் செலவாயிற்று, பலர் நகைத்தனர். 1976, 1977 ஆகிய ஆண்டுகளில் எழுந்த புதிய தலைமுறையினர், இதெல்லாம் வெறும் பகட்டு என்று கூறி, மூன்று நிமிடப் பாட்டிற்கே திரும்பினர். நல்லதும் அல்லதும் எங்கும் கலந்தே இருக்கின்றன. பிரித்தறிவதற்குத்தான் செவியும் பயிற்சியும் வேண்டும்.

இனி, இவ்வாறு அயலார் இசையையே புகழ்வது தகுமா என்று நீங்கள் வினவலாம். நம் இசையை நாடி அவர்கள் வந்த கதையும் உண்டு. ஜான் மக்லாபிளின் என்னும் ஆங்கிலக் கிட்டார்க் கலைஞர், ஜாசும் ராக்கும் கலந்த, புரோகிரசிவ் ராக்கிற்கு மிக நெருங்கிய உறவான இசையை மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா என்னும் குழுவின் வாயிலாக 1971 முதல் அளித்துவந்தார். புகழின் உச்சியில் இருந்த அவர், அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் நம் டாக்டர் எஸ். இராமநாதன் அவர்களிடம் மாணவராக அமர்ந்து வீணை பயின்றார். பின்னர் வயலின் எல். சங்கர், கடம் டி. எச். விநாயக்ராம், தபலா ஜாகிர் உசேன் ஆகியோரோடு 'சக்தி' என்னும் குழுவை அமைத்தார். அதன் முதல் இசைத்தட்டில் ஆர். இராகவன் அவர்கள் மிருதங்கம் வாசித்தார். அரை நூற்றாண்டு கழிந்து, மீண்டும் கூடிய அக்குழுவின் இசைத்தொகுப்பிற்கு 2024-இல் கிராமிப் பரிசு கிடைத்தது. விநாயக்ராம் அவர்களின் மகன் செல்வகணேஷ் அவர்களும் அதில் பங்குகொண்டார். அதே ஆண்டின் இறுதியில் ஜாகிர் உசேன் மறைந்தார். தந்தை தொடங்கியதை மகன் தொடர்ந்தார் என்னும் செய்தி, மகனோடு ஆறு திங்கள் பேச்சிழந்திருந்த எமக்கு எவ்வளவு இன்பமும் ஏக்கமும் தந்திருக்கும் என்பதை நீங்களே உணர்வீர்கள்.

நம் வயலினையே பாருங்கள். அதுவும் மேல்நாட்டிலிருந்து வந்ததே. முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் அதனைப் பயின்று நம் இசைக்கு ஆக்கித் தந்தார். அன்று நம்மைப் போன்ற செயற்குழு ஒன்று அவரை ஐந்து நிமிடத்தில் மறுத்திருந்தால், இன்று நம் ஆசிரியை அம்மையாரின் கையில் வில் ஏது?

ஆகவே, சங்கத்தாரிடம் எமது வேண்டுகோள் இது. மேடையை யாருக்கும் அப்படியே திறந்துவிடுங்கள் என்று யாம் கேட்கவில்லை. மறுக்கும் உரிமை நமக்கு உண்டு. ஆனால் கேட்ட பிறகே மறுப்போம். இனி எந்த இளைஞர் எந்த இசையோடு வரினும், முதலில் ஒரு ஞாயிறு அவர்களை வாசிக்கச் சொல்லி நாம் அமர்ந்து கேட்போம். ஆசிரியை அம்மையாரும் உடனிருக்க இசைந்துள்ளார். அவர் ஒரு நிபந்தனையும் விதித்திருக்கிறார்: நிகழ்ச்சியில் ஒரு தமிழ்ப் பாட்டேனும் இருத்தல் வேண்டும், அது எந்தத் தாளத்தில் அமைந்தாலும் சொல் சிதையலாகாது. அந்நிபந்தனை எமக்கு மிகவும் உடன்பாடு. வள்ளுவர் கேள்வி என்று ஒரு தனி அதிகாரமே வகுத்தார். கேட்டலைச் செல்வம் என்று போற்றிய இனத்தார் நாம். அச்செல்வத்தை நம் பிள்ளைகளிடத்தில் மட்டும் ஏன் சிக்கனமாகச் செலவிட வேண்டும்?

செயற்குழுவில் அன்று கையுயர்த்தியவர்களுள் யாம் ஒருவர் என்றோம். அக்கையை இன்று இந்த அவையின் முன் தாழ்த்திக்கொள்கின்றோம். இளைஞர் ஐவரும் இங்கு வந்துள்ளனர். அவர்களிடம் மன்னிப்பு வேண்டுகின்றோம்.

ஒன்றைக் கூறி அமர்கின்றோம். எம் மகன் இன்னும் சனிக்கிழமை வகுப்பிற்குத் திரும்பவில்லை. திரும்புவான் என்று உறுதி கூறவும் யாம் துணியோம். ஆனால் சென்ற வாரம் யாம் இரவுப் பணி முடித்து வீடு திரும்பியபொழுது, அவன் சமையலறை வாயிலில் நின்று தாயிடம் ஒரு கைப்பிடி ரவை கேட்டுக்கொண்டிருந்தான். "உப்புமாவா செய்யப் போகிறாய்?" என்று அவள் கேட்டாள். மிருதங்கம் பயின்றோர்க்கு அந்த ரவை எதற்கு என்பது தெரியும். தொப்பியில் ஒட்டுவதற்கு. பரணைப் பார்த்தோம்; அங்கே உறை மட்டும் கிடந்தது.

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!